கொடைக்கானலில் பாட்டு வீடியோ எடுக்க வருகிறவர்களுக்கு

பழனிமலைத் தொடரில் உள்ள கொடைக்கானலுக்குப் பாட்டு வீடியோ எடுக்க முதன்முறையாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இடத்தை முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். பாட்டை எப்படிப் பிரித்துப் படமாக்குவது என்பதை மேலே வந்து சேர்ந்த பிறகே யோசிக்கிறார்கள். அதனால் பூம்பாறையின் அடுக்கு வயல், பைன் காடு, ஏரி, பனிமூட்டம் என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோக, பாடுகிறவர் மட்டும் அவற்றின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணியைப் போலத் தெரிகிறார். பாட்டிலிருந்து தொடங்கி, அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் மலையை எடுத்துக்கொள்வது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரே கேமரா, ஐந்தாறு பேர் கொண்ட குழு, கைக்காசு, இரண்டு நாள் அவகாசம் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. பெரிய யூனிட்டோடு வருகிறவர்களுக்கு இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள்.

பாட்டு முடிந்த பிறகே பயணம்

முதற்படி, குரலும் வாத்தியங்களும் கலந்து முடித்த இறுதி மிக்ஸ் கைக்கு வரும்வரை மலையேறாமல் இருப்பது. கடைசியாக ஒலியை மெருகேற்றும் மாஸ்டரிங் பாக்கியிருந்தாலும் பரவாயில்லை. பாட்டின் வேகமும், வரிகளின் வரிசையும், இடையிசையின் நீளமும் இனி மாறாது என்று இசையமைப்பாளர் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிமிடத்துக்கு 96 பீட் வேகத்தில் இருந்த ஒரு பாட்டை வட்டக்கானல் பக்கம் இரண்டு நாள் எடுத்துவிட்டு இறங்கினோம். ஒரு வாரம் கழித்து வந்த இறுதி வடிவத்தில் ‘கொஞ்சம் துடிப்பாக இருக்கட்டும்’ என்று வேகத்தை 98 ஆக்கியிருந்தார்கள். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் நான்கு நிமிடப் பாட்டில் அது ஏறத்தாழ 5 விநாடி. முதல் வரியில் பொருந்திய உதடு, சரணத்துக்கு வரும்போது அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஷாட்டாக வேகத்தைத் திருத்தி ஒட்டுவதில் எடிட்டருக்குப் பத்து நாள் போயிற்று.

பாட்டு உறுதியானதும், அதைத் தாளில் கணக்கிட வேண்டும். 96 பீட் வேகத்தில் ஒரு பீட் 0.625 விநாடி, நான்கு பீட் கொண்ட ஒரு பார் 2.5 விநாடி, நான்கு நிமிடப் பாட்டு முழுவதும் 96 பார். ஒரு நோட்டில் 96 வரிசை போட்டு, எந்த பாரில் பல்லவி தொடங்குகிறது, எங்கே இடையிசை, சரணத்தின் எந்தச் சொல்லில் பாடகர் குரலை உயர்த்துகிறார், எந்த இடத்தில் தாளம் நின்று வெறும் குரல் மட்டும் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பில் அடுத்து என்ன எடுப்பது என்று குழம்பாமல் இருப்பதற்கும், பிறகு எடிட்டிங் மேசையில் எங்கே வெட்டுவது என்று தேடாமல் இருப்பதற்கும் இந்த ஒரு நோட்டே போதும்.

பாட்டு வீடியோவில் பொதுவாக மூன்று விதமான பொருள் கலந்திருக்கும்: பாடகரும் வாத்தியக்காரர்களும் பாடி வாசிக்கும் பகுதி, ஒரு சிறு கதை, கதையும் பாடுவதும் இல்லாத வெறும் காட்சிக் கற்பனை. புதியவர்கள் முதல் இரண்டு மூன்று வீடியோக்களில் பாடும் பகுதியையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. திரைப்படப் பாடல் பார்த்து வளர்ந்த நமக்கு, பாடுகிற குரல் ஒருவருடையது, திரையில் தெரியும் முகம் வேறொருவருடையது என்பது பழகிப்போன ஒன்று. உதட்டசைவு சற்றுப் பிசகினாலும் மன்னித்துவிடுவோம். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி தொடங்கப்பட்டபோது வேரூன்றிய மரபு வேறு. அங்கே இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் பாடகரை மக்களுக்கு அறிமுகப்படுத்துவதற்காகவே வீடியோக்களைக் கொடுத்தன. குரலுக்கு உரியவரே திரையில் நின்றார். திரைப்படம் சாராத தனியிசைப் பாடலில் நாம் செய்வதும் அதுதான் என்பதால், பாடகரின் வாய், தொண்டை, மூச்சு ஆகியவற்றைப் பார்வையாளர் கூர்ந்து பார்ப்பார்.

இடமும் அனுமதியும்

பாட்டுக்கு இரண்டு அல்லது மூன்று இடம் போதும். ஒன்று திறந்த வெளியாகவும், ஒன்று அடைப்பான இடமாகவும் இருந்தால் பல்லவிக்கும் சரணத்துக்கும் உள்ள வேறுபாடு தானாகக் கண்ணில் படும். கொடைக்கானல் நகரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ள பூம்பாறையை ஒரு பக்கமும், அதையும் தாண்டிய மன்னவனூரின் புல்வெளியை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, நடுவில் ஊருக்குள் வந்து ஒரு வீட்டுத் திண்ணையையும் எடுக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பாதி நாளை வண்டியிலேயே கழிப்பார்கள். ஒரே திசையில் இருப்பவற்றை ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள்.

இடம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து, அந்த அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். பைன் காடும் பேரிஜம் ஏரியும் வனத்துறையைச் சேர்ந்தவை. பிரையன்ட் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தின் எல்லைக்குள் வரும் இடம் என்றால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே நுழைவதற்கே அனுமதி தேவை. ‘சின்ன கேமராதானே’ என்ற வாதம் வனக்காவலரிடம் எடுபடாது. தனியார் தோட்டமாக இருந்தால் உரிமையாளரின் கையெழுத்திட்ட கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். காவலாளியிடம் வாய்வார்த்தையாகப் பேசி நுழைந்தால், நல்ல வெளிச்சம் வருகிற நேரத்தில் மேஸ்திரி வந்து நிறுத்துவார். ட்ரோன் பறக்க விடுவதற்கு 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் தனியே இருக்கின்றன. வனத்துறை நிலத்தில் அதற்கு மேலும் ஓர் அனுமதி வேண்டும். வானிலிருந்து எடுத்த காட்சி இல்லாமலே நல்ல பாட்டு வீடியோ எடுக்க முடியும் என்பதால், முதல் முயற்சியில் ட்ரோனைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. குழு இரண்டு வண்டிகளில் வந்தால் இரண்டுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். பெரிய கேனும் எவர்சில்வர் டம்ளர்களும் எடுத்துவருவது உத்தமம். ஏப்ரல், மே மாத சீசனில் எந்த இடத்திலும் பின்னணியில் ஆள் இல்லாமல் எடுக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை திட்டத்தைக் குலைக்கும். வானம் தெளிவாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கிற ஜனவரி, பிப்ரவரி மாதங்களே சிறு குழுவுக்கு ஏற்றவை, குளிர் தாங்கினால்.

உடையும் முகமும்

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் எடுக்கிறோம் என்பதை உடை எடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டும். நாயகன் கம்பளிக் கோட்டும் மஃப்ளரும் அணிந்திருக்க, நாயகி மெல்லிய ஷிபான் சேலையில் நடுங்கிக்கொண்டே சிரிப்பது மலைப்பாட்டின் பழைய வழக்கம். அதைத் தொடர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குளிரில் தோள் இறுகி, தாடை நடுங்கினால் உதட்டசைவும் கெடும். சேலைதான் வேண்டுமென்றால் கனமான பருத்தியோ பட்டோ எடுத்து, உள்ளே தெர்மல் அணியச் செய்து, முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டேக் முடிந்ததும் போர்த்துவதற்கு ஒரு சால்வையோடு ஒருவர் கேமராவுக்கு அருகிலேயே நிற்க வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பின்னணி இரண்டே வகை: அடர்ந்த பச்சை அல்லது வெளுத்த பனி. பச்சையின் முன்னால் பச்சையும் கருநீலமும் மூழ்கிப்போகும். கடுகு மஞ்சள், அரக்கு, செங்கல் நிறம் ஆகியவை எடுப்பாக நிற்கும். பனியின் முன்னால் வெளிர் நிறங்கள் எல்லாம் கரைந்துவிடும். வெள்ளைச் சட்டை வெயிலில் வெளிறிப் போவதோடு, முகத்துக்குச் சரியான எக்ஸ்போஷர் வைக்கவும் விடாது. நெருக்கமான மெல்லிய கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் அலையலையாக நெளிந்து தெரியும் என்பதால் அவற்றை எந்த ஊரிலும் தவிர்க்கலாம். பல்லவிக்கு ஒரு உடை, சரணத்துக்கு ஒரு உடை என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடை மாற்ற அறை தேடி அலைவதில் போகிற அரை மணி நேரத்தில் ஒரு முழு டேக் எடுத்துவிடலாம்.

உலர்ந்த குளிர்காற்றில் முதலில் வெடிப்பது உதடு. க்ளோஸ்-அப்பில் அதுதான் திரை முழுக்கத் தெரியும் என்பதால், முந்தைய இரவிலிருந்தே தேங்காய் எண்ணெயோ வெண்ணெயோ தடவிவரச் சொல்லுங்கள். மேக்கப் போடும் முன் முகத்தில் ஈரப்பதம் தரும் கிரீம் பூசாவிட்டால் பவுடர் திட்டுத்திட்டாக நிற்கும். பனிமூட்டத்தில் நின்றால் தலைமுடியில் நுண்ணிய நீர்முத்துகள் கோத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வெயில் பட்டால் அது அழகுதான், ஆனால் அடுத்த ஷாட்டில் முடி காய்ந்திருந்தால் ஷாட்டுக்கு ஷாட் இருக்க வேண்டிய தொடர்ச்சி (கன்டினியூட்டி) போய்விடும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் பாடகரை முன்னாலும் பக்கவாட்டிலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்கு எளிய மருந்து.

குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மலையில் வாழ்கிற பளியர் போன்ற பழங்குடி மக்களையும், ஊர்க்கோயில்களையும் அலங்காரப் பொருளாகப் பயன்படுத்தாதீர்கள். பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலின் முன்னால் நடனம் ஆட வேண்டிய தேவை எந்தக் காதல் பாட்டுக்கும் இல்லை. வயலில் வேலை செய்கிறவர் ஷாட்டில் வந்தால் முன்பே கேட்டுக்கொண்டு எடுங்கள். பூண்டுப் பாத்தியை மிதித்தால் அது ஒரு குடும்பத்தின் வருமானம். 2018இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030இல்தான் பூக்கும். அப்போதும் செடிகளுக்குள் இறங்கி ஆடாமல் ஓரத்திலிருந்து எடுப்பதே முறை.

படப்பிடிப்பு நாள்

வெளிச்சம் இங்கே காத்திராது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் நேராக மேலேறிவிடும். விடியலின் மென்மையான ஒளியும் அந்தியின் ஒளியும் மேலைநாட்டு வீடியோக்களில் பார்ப்பதுபோல் மணிக்கணக்கில் நீடிப்பதில்லை. காலை ஆறு மணிக்கெல்லாம் பாடகர் மேக்கப்போடு இடத்தில் நிற்க வேண்டும். ஒன்பதரை மணி வரை முகங்களை எடுங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழ் நிழல் விழும் நேரத்தை பைன் காட்டுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் எடுக்க ஒதுக்குங்கள். பல நாட்களில் பிற்பகலில் பனி ஏறிவரும். அதை எதிர்பார்த்து ஒரு காட்சியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு சரணத்தையே வைக்கக்கூடாது. முகத்தில் நிழலை இளக்க விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை. ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையும், வெயிலை மறைத்துப் பிடிக்க ஒரு வெள்ளைத் துணியும் போதும்.

கேமராவில் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்துக்கொள்வது நம் நாட்டுக்குப் பொருந்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டுக்குள் எடுக்கும்போது விளக்குகள் பெரும்பாலும் மினுக்காமல் இருக்கும். வெளியே வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். ஷட்டரை உயர்த்தாமல், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மேகம் நகரும்போதெல்லாம் முகத்தின் நிறம் மாறும். 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். பனிக்குள் ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும், கையால்தான் வைக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; மாற்று பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் உடல்சூட்டில் வைத்திருங்கள்.

இனி நாக்ரா. பாடலை ஒலிக்கவிட்டுப் படமெடுக்கும் கருவிக்கு நம் சினிமாக்காரர்கள் வைத்த பெயர் இது. முன்பு பயன்பட்ட ஒரு சுவிட்சர்லாந்து டேப் ரெக்கார்டரின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. இன்று ஒரு செல்போனும் ஸ்பீக்கரும் இருந்தால் வேலை நடக்கும். பாட்டின் தொடக்கத்தில் நான்கு பீட் ‘டிக் டிக்’ ஒலி சேர்த்த ஒரு தனிப் பிரதியைத் தயார் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடகர் முதல் சொல்லை எப்போதும் தாமதமாகத்தான் பிடிப்பார். பாட்டின் நடுவிலிருந்து எடுக்கும்போதும், வேண்டிய வரிக்கு இரண்டு பார் முன்னதாகவே ஓடவிட வேண்டும்.

ஸ்பீக்கரைப் பாடகரின் காலடியில், ஃப்ரேமுக்குச் சற்று வெளியே வையுங்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். மன்னவனூர் போன்ற புல்வெளியில் கேமராவை 68 மீட்டர் தள்ளி வைத்து லாங் ஷாட் எடுத்தால், பாடகரின் காதுக்கு வந்த பாட்டு கேமராவின் மைக்குக்கு 0.2 விநாடி, அதாவது 5 ஃப்ரேம், தாமதமாக வரும். அந்த ஒலியை வைத்து எடிட்டர் இறுதிப் பாட்டோடு ஒட்டினால், உதடு 5 ஃப்ரேம் முந்திக்கொண்டு நிற்கும். தொலைவில் எடுக்கிற ஒவ்வொரு டேக்கிலும் பாடகர் அருகில் ஒருவர் நின்று, பாட்டின் முதல் ‘டிக்’கோடு சேர்த்துக் கைதட்டட்டும், எடிட்டர் ஒலியை விட்டுவிட்டுக் கை சேருகிற ஃப்ரேமைப் பிடித்துக்கொள்வார். ஸ்பீக்கரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் தொல்லை தலைகீழாகும், பாடகரே தாமதமாகக் கேட்டுத் தாமதமாகப் பாடுவார்.

பாடகர் வாயை மட்டும் அசைக்கக்கூடாது; உரக்கப் பாட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் கூச்சத்தால் புதியவர்கள் உதட்டை மட்டுமே அசைப்பார்கள். உண்மையாகப் பாடுகிறவரின் கழுத்து நரம்பு புடைக்கும், வரிக்கு முன் மார்பு விரிந்து மூச்சு உள்ளே போகும், உச்ச ஸ்வரத்தில் புருவம் ஏறும். மலையில் இன்னொரு சாட்சியும் உண்டு: விடியற்காலைக் குளிரில் பாடும்போது ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து வெண்புகை போல மூச்சு வெளிவரும். குரல் இல்லாமல் வாயசைத்தால் அது வராது, வந்தாலும் சொல்லோடு பொருந்தாமல் வரும். பின்னால் வெயில் இருக்கும்படி நிறுத்தி, இருண்ட மரங்களைப் பின்னணியாக வைத்து எடுத்தால் அந்த மூச்சே அந்த ஷாட்டின் அழகாகிவிடும்.

எடுக்கும் முறை இதுதான்: ஒவ்வோர் இடத்திலும் பாட்டின் உரிய பகுதியை முழுவதுமாக முதலில் இடமும் ஆளும் முழுதாகத் தெரியும் வைட்டில் ஒருமுறை, பிறகு இடுப்புக்கு மேல் தெரியும் மிட் ஷாட்டில், பிறகு க்ளோஸ்-அப்பில் பாடவைத்து எடுங்கள். வரிவரியாக நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பாடகரின் உணர்வு ஏறவே ஏறாது. மூன்றும் முடிந்த பிறகு கை, கிடார் நரம்பு, செருப்பில் ஒட்டிய சேறு, இலையில் நிற்கிற பனித்துளி என்று உதடு தெரியாத சில ஷாட்டுகள் எடுத்துவையுங்கள். எடிட்டிங்கில் மானத்தைக் காப்பாற்றுபவை அவைதான்.

மெதுவாக நகர்ந்தாலும் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துகிற அந்த மாயத்தையும் முயன்று பார்க்கலாம். கேமராவை 50 ஃப்ரேமில் வைத்து, பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாடச் சொல்லுங்கள். அதை 25 ஃப்ரேமில் ஓட்டும்போது பாட்டு இயல்பு வேகத்துக்கு வரும். முடியும் முந்தானையும் பாதி வேகத்தில் மிதக்கும். தமிழில் சொற்கள் நெருங்கிய வரியை இரு மடங்கு வேகத்தில் பாடினால் நாக்கு குழறும். நெடில் நிறைந்த, இழுத்துப் பாடுகிற வரியை இதற்குத் தேர்ந்தெடுங்கள். முந்தைய நாளே விடுதியில் பத்து முறை பாடிப் பழகட்டும்.

படப்பிடிப்பு முடிந்தது என்று ‘பேக்-அப்’ சொன்னதும் பூசணிக்காய் உடைக்கிற வழக்கத்தை இந்த மலையில் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடுகிற இடம் இது. தின்பண்டம் கிடக்கிற இடத்தை அது மறக்காது, அடுத்த நாள் அந்த வழியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் அதன் எதிரில் நிற்கும். படமெடுத்த கார்டுகளை அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, இறங்கும்போது ஆளுக்கொன்றாக வெவ்வேறு வண்டியில் கொண்டுசெல்லுங்கள்.

எடிட்டிங்

எடுத்தவை எல்லாவற்றையும் பாட்டோடு ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு, நோட்டில் குறித்த பார் கணக்கின்படி வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு பீட்டிலும் வெட்டினால் முதல் அரை நிமிடம் உற்சாகமாக இருக்கும், பிறகு கண் சலிக்கும். பல்லவியில் இரண்டு பாருக்கு ஒரு வெட்டு, இடையிசையில் ஒரு பாருக்கு ஒன்று, தாளம் நின்று குரல் மட்டும் கேட்கிற இடத்தில் வெட்டே இல்லாமல் ஒரே முகம் என்று முதல் வடிவத்தை அமைத்துப் பாருங்கள். பிறகு கை தானாகப் பழகிவிடும். வண்ணம் சேர்க்கும்போது பச்சையைக் காய்ந்த பழுப்பாக்குகிற ஆயத்த ஃபில்டர்களைத் தவிருங்கள். பச்சை வேண்டாமென்றால் இவ்வளவு தூரம் மேலேறி வந்திருக்க வேண்டியதில்லை. ரீல்ஸுக்காக நெட்டுவாக்கில் 9:16 அளவிலும் ஒரு துண்டு தேவைப்படும் என்பதால், பாடகரை ஃப்ரேமின் நடுப்பகுதியிலேயே வைத்து எடுத்திருந்தால் இப்போது கைகொடுக்கும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை. பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாக அறிந்த, ஆனால் படப்பிடிப்புக்கு வராத ஒருவரை உட்காரவைத்து, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு வீடியோவைக் காட்டுங்கள். பாடகரின் வாயைப் பார்த்தே எந்த வரி ஓடுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவர் தடுமாறுகிற இடங்களை நோட்டில் குறித்து, அந்த பாரில் மட்டும் முகத்தை எடுத்துவிட்டு, கிடார் நரம்பையோ பனித்துளியையோ வையுங்கள்.